முன்றில் அணில்

மனிதன் மனையொன்றை அமைக்குங்கால் தனக்கும் தன் சுற்றத்துக்குமென்றே அதனை அமைக்கின்றான். ஆயினும், சுவர் உலர்ந்து ஓடு வேயப்பட்ட சில மாதங்களுள் அழையா விருந்தினர் பலர் அங்கே குடிபுகுந்து விடுகின்றனர். சுவரிலே பல்லியும், அடுக்களையிலே எலியும், கூரை வளையின் இடுக்கிலே அணிலும் தத்தமக்கு உரிய இடத்தைத் தேடிக்கொள்கின்றன. இவற்றுள், வீட்டாரின் அன்பையும் சினத்தையும் ஒருங்கே பெறுவது அணில் ஒன்றேயாம். காலையில் மதிலின்மேல் ஓடும் அணிலைக் குழந்தைக்குக் காட்டிச் சோறூட்டுந் தாய், நண்பகலில் அதே அணில் தலையணையைக் கிழித்துப் பஞ்சினை இழுத்துச் செல்லக் கண்டு விளக்குமாற்றை ஓங்குகின்றாள். அணிலின் அழகும் குறும்பும் ஒரே வேரினின்று கிளைத்தவை. அவ்வேரை அறிந்தார்க்கே அதனோடு கூடி வாழும் வழி புலப்படும்.

தமிழர் அணிலை நெடுங்காலமாக நுணுகி நோக்கி வந்துள்ளனர். தொல்காப்பிய மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, மூங்கா, வெருகு, எலி என்பவற்றோடு அணிலையுஞ் சேர்த்து, இந்நான்கின் இளமைக்கும் ‘குட்டி’ என்னும் பெயர் உரியது என்கின்றது. அணிலுக்கு மூன்று வரிகள் உண்டென்பதையும் அந்நூற்பா அடைமொழியாற் சுட்டுகின்றது. புறநானூற்றின் 246ஆம் செய்யுளில் வெள்ளரிக்காயின் கோடுகளுக்கு அணிலின் வரி உவமையாகின்றது. சேதுவணை கட்டியபொழுது உதவிய அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் தமது திருமாலையில் எடுத்துக்காட்டுகின்றார். வான்மீகி முனிவர் நூலிற் காணப்படாத இக்கதை, இராமபிரானின் விரல்கள் தடவிய தடமே அவ்வரிகள் என்னும் நம்பிக்கையோடு தமிழ் மக்களின் வீடுதோறும் வழங்கி வருகின்றது. இலக்கணம் ‘குட்டி’ என்று விதித்திருப்பவும், பேச்சு வழக்கு ‘அணிற்பிள்ளை’ என்றே அழைக்கின்றது. தென்னம்பிள்ளை, கீரிப்பிள்ளை என்பனபோல, வீட்டை அண்டி வளர்வனவற்றைப் பிள்ளையாகக் கருதும் மனப்பான்மையே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

இனி, விலங்குநூலார் கூறுவதை நோக்குவாம். சுவீடன் தேசத்து அறிஞரான லின்னேயசு 1766ஆம் ஆண்டில் இவ்வணிலுக்குப் பனையோடு தொடர்புடையது என்னும் பொருள்படப் பெயரிட்டார். பின்னர் வந்தோர் இதன் பேரினத்துக்குக் ‘கயிற்றின்மேல் நடப்பது’ என்னும் பொருள் தரும் இலத்தீன் பெயரைச் சூட்டினர். வீட்டுக்கு வீடு செல்லும் மின்கம்பியின்மேல் அணில் ஓடுவதைக் கண்டோர் அப்பெயரின் பொருத்தத்தை எளிதில் உணர்வர். தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் வாழ்வது மூவரி அணில். வட இந்தியாவிற் பெரிதும் காணப்படுவது ஐவரி அணில். ஈழத்தின் ஈரவலயக் காடுகளிலும் மலைநாட்டிலும் வேறு சில அணில் வகைகளும் உள. உருவிற் பெரிய மர அணிலும் இத்தீவில் உண்டு. எனினும், மனிதனின் முற்றத்தைத் தன் முற்றமாக்கிக் கொண்டது ஏறக்குறைய நூறு கிராம் நிறையே உள்ள இந்த மூவரி அணிலேயாம்.

அணில் செய்யும் தொல்லைகளிற் பலவற்றுக்குக் காரணம் அதன் பல்லாகும். எலி, முள்ளம்பன்றி முதலியவற்றைப் போல அணிலும் கொறிக்கும் விலங்கு வகுப்பைச் சேர்ந்தது. இவ்வகுப்பினவற்றுக்கு மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு வெட்டும் பற்கள் உள. மனிதனின் பற்கள் ஓரளவு வளர்ந்து நின்றுவிடுகின்றன. இப்பற்களோ வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். பல்லின் முன்புறத்தில் மாத்திரம் மிளிரி எனப்படும் வன்மையான பூச்சு உண்டு. பின்புறம் மென்மையானது. கொறிக்குந்தோறும் பின்புறம் விரைந்து தேய, முன்புறம் உளியின் அலகுபோலக் கூர்மையுற்று நிற்கின்றது. கொறியாத அணிலுக்குப் பல் தேயாது. தேயாத பல் அளவிறந்து வளர்ந்து, உண்ணவும் இயலாதவாறு வாயை அடைத்துவிடும். ஆதலின் அணில் யன்னற் சட்டத்தைச் சுரண்டுவதும், மின்கம்பியின் உறையைக் கடிப்பதும், குரும்பட்டியைத் துளைப்பதும் பசியினால் மாத்திரம் விளைவன அல்ல. பல்லைப் பேணும் பொருட்டும் அது கொறித்தே ஆகவேண்டும். இரு முன்கைகளாலும் கொட்டையைப் பற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அது கொறித்துத் தின்னும் கோலத்தைக் கண்டு மகிழாதார் இலர். அம்மகிழ்ச்சிக்குக் காரணமான பல்லே மரத்தையும் கம்பியையும் அழிக்கின்றது.

இரண்டாவது காரணம் கூடு. பெண்ணணில் ஏறக்குறைய ஐந்து கிழமை கருச்சுமந்து, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகளை ஈனும். பிறந்த குட்டிக்கு மயிருமில்லை, கண்ணுந் திறந்திராது. அத்தகைய குட்டிக்கு மெத்தென்ற படுக்கையும், காகமும் பூனையும் எட்டாத இடமும் இன்றியமையாதவை. மரப்பொந்தோ ஓலைச்செறிவோ கிடைக்குமாயின் அணில் அங்கே கூடு கட்டும். வளவிலே முதிர்ந்த மரங்கள் தறிக்கப்பட்டவிடத்து, வீட்டின் கூரையிடுக்கே அதற்கு மரப்பொந்தாகின்றது. கால்மிதியின் தும்பும், தலையணையின் பஞ்சும், கொடியில் உலரும் சீலையின் நூலும் குட்டியின் படுக்கையாகின்றன. வீட்டார் களவு என்று கருதுவது, அணிலின் பக்கத்திலிருந்து நோக்கின், ஒரு தாயின் கடமையேயன்றி வேறன்று.

இவ்விடத்தில் ஒரு வழக்கைத் தீர விசாரித்தல் நன்று. அணிலின்மேற் சாற்றப்படும் குற்றங்களுட் பல உண்மையில் எலியினுடையவை. அணில் பகலில் இயங்குவது. கதிரவன் மறைந்தபின் கூட்டைவிட்டு வெளிவராது. வீட்டெலியோ பெரும்பாலும் இரவில் இயங்குவது; தென்னையிலும் ஏறிக் குரும்பட்டியைத் துளைக்க வல்லது. ஆகவே, மாலையில் நலமுற இருந்த நெல்மூடை காலையிற் கிழிந்து கிடந்தால், அல்லது நள்ளிரவிற் கூரைமேல் ஓட்டங் கேட்டால், அணிலை ஐயுறுதல் முறையன்று. மூஞ்சூற்றின் நிலையும் இத்தகையதே. விநாயகப் பெருமானின் வாகனமென்று சிலர் கருதும் இச்சிற்றுயிர் தோற்றத்தில் எலியை ஒத்திருப்பினும், கொறிக்கும் வகுப்பினது அன்று. அதன் பற்கள் வேறு. கரப்பான் முதலிய பூச்சிகளே அதன் முதன்மையான உணவு. எலிக்கு வைத்த பொறியில் மூஞ்சூறு வீழ்ந்து மடியுமாயின், வீட்டுக்கு உதவிய உயிரொன்று வீணே இழக்கப்பட்டதாகும்.

அணிலினால் விளையும் நன்மைகளும் சிலவல்ல. முள்முருக்கும் இலவும் பூக்குங் காலத்தில் அது மலர்தோறுஞ் சென்று தேனை நக்குகின்றது; அப்பொழுது முகத்திற் படியும் மகரந்தம் மற்றொரு மலருக்குச் செல்கின்றது. பழத்தை ஓரிடத்திற் பறித்து வேறோரிடத்தில் இருந்து தின்பதனால் விதைகளும் பரவுகின்றன. பூச்சிகளையும் அது உண்ணும். இவற்றினும் மேலாக, அது வீட்டுக்கொரு காவலாள் போன்றது. சாரைப்பாம்போ, பூனையோ, வல்லூறோ தென்படுமாயின், வாலை உதறி உதறி இடையறாது கீச்சிடும். அவ்வொலியைக் கேட்டு முற்றத்தை நோக்கும் பழக்கமுடைய வீட்டார் பலகால் பாம்பின் வரவை முன்னரே அறிந்துகொள்கின்றனர்.

இவ்வாறு நன்மையுந் தீமையுங் கலந்த உயிரொன்றைக் கொன்றொழிக்க முயல்வது பயனற்றது. நஞ்சு வைப்போர் அதன் முழு விளைவையும் எண்ணுவதில்லை. குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் என்னும் நஞ்சு 1948ஆம் ஆண்டில் எலிகளைக் கொல்லும் பொருட்டு வழக்கில் வந்தது. அதன்பின் அவ்வகையைச் சேர்ந்த வலிமை மிக்க நஞ்சுகள் பல தோன்றின. இவற்றை உண்ட உயிர் உடனே மடிவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரிகின்றது. அந்நிலையில் அதனைப் பிடித்துண்ணும் ஆந்தையின் உடலிலும் பூனையின் உடலிலும் அந்நஞ்சு சேருகின்றது. எலியையும் அணிலையும் அடக்கிவைக்கும் இயற்கைக் காவலரே இவ்வாறு அழிவாராயின், எஞ்சிய எலிகள் தடையின்றிப் பெருகும். பகையற்றவிடத்தில் அணில் எவ்வாறு பல்கும் என்பதற்கு மேற்கு அவுஸ்திரேலியா சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவிற் பேர்த் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்திய அணில்கள் அங்கே வெளிப்பட்டு, வீட்டுத் தோட்டங்களுக்குத் தொல்லையாயின.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? அணிலைத் திருத்த இயலாது. வீட்டைத் திருத்த இயலும். கூரைமேற் சாயும் மாங்கிளையையும் பலாக்கிளையையும் ஏழெட்டடி தள்ளித் தறித்துவிடின், அணில் பாயும் பாலம் அற்றுவிடும். கூரையோரத்து இடுக்குகளை நெருங்கிய கம்பிவலையால் அடைத்தல் வேண்டும். ஆனால், அடைக்குமுன் உள்ளே குட்டிகள் இல்லையென்பதை உறுதிசெய்தல் கடன். குட்டிகள் தாய்ப்பாலை விட்டு வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குமேல் ஆகும். அதுகாறும் பொறுத்திருத்தலே அறமும் அறிவுமாகும். அவசரப்பட்டு அடைப்பின், உள்ளே சிக்கிய குட்டிகள் மடிந்து நாறும். தாயோ வலையையும் மரத்தையும் கடித்துப் புகமுயலும். மின்கம்பிகளைக் குழாயினுட் செலுத்துதல் மிகவும் இன்றியமையாதது. உறையிழந்த கம்பிகள் ஒன்றையொன்று தொடுமாயின் தீவிபத்து நேரலாம். தனித்து நிற்கும் தென்னையின் அடிமரத்தைச் சுற்றி அகன்ற தகரப்பட்டி அடித்தால் எலியும் அணிலும் ஏறமாட்டா. ஓலைகள் அயல்மரத்தைத் தொடுமாயின் அப்பட்டியாற் பயனில்லை. பலாப்பழத்தைச் சாக்கினாற் கட்டுவதும் மாதுளங்காயைத் துணியினாற் பொதிவதும் முன்னோர் கண்ட எளிய வழிகளே. அணில் கொந்திய பழமே இனியது என்பர். அது மணத்தினால் முதிர்ந்த பழத்தைத் தெரிந்து கொந்துவது மெய்யே. எனினும், கொந்திய பழத்தை உண்ணாது அதற்கே விட்டுவிடுதல் உடல்நலத்துக்கு உகந்தது.

அன்பினால் நேரும் பிழையும் உண்டு. கையால் உணவூட்டப்பட்ட அணில் அச்சம் நீங்கி அடுக்களைவரை வரும். பின்னர் அதனை விரட்டுவது அரிது. காற்றில் விழுந்த குட்டியைச் சிறுவர் எடுத்துப் பசுப்பாலூட்டி வளர்க்க முயல்கின்றனர். அப்பால் அதற்கு ஒவ்வாது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டியைச் சிறு பெட்டியிலிட்டு மரத்தடியில் வைத்து, பூனை அணுகாது விலகி நின்று காப்பின், தாயணில் வந்து வாயாற் கௌவி வேறு கூட்டுக்கு எடுத்துச் செல்வதுண்டு. அணிலோ எலியோ கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இச்சிக்கல் வீட்டு முற்றத்தளவில் நிற்பதன்று. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் திகதி காலை, இலங்கை முழுவதும் ஐந்து நிமிட நேரம் மக்கள் தத்தம் வளவுகளிற் கண்ட குரங்குகளையும் மயில்களையும் மர அணில்களையும் எண்ணிக் குறிக்குமாறு அரசாங்கங் கேட்டுக்கொண்டது. பயிரழிவைத் தடுக்குமுன் உயிர்களின் தொகையை அறிதல் வேண்டும் என்னும் எண்ணமே அதற்கு அடிப்படை. எந்நடவடிக்கைக்கும் அறிவே முற்படவேண்டும் என்பது முற்றத்து அணிலுக்கும் பொருந்துவதாகும்.

குறுந்தொகையின் 41ஆம் செய்யுளைப் பாடிய புலவர் அணிலாடு முன்றிலார் எனப்படுகின்றார். தலைவன் நீங்கியபொழுது தலைவி அடையும் தனிமைக்கு, மக்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுங் காட்சியை அவர் உவமையாக்கினார். அவ்வுவமையே அவருக்குப் பெயருமாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒருங்கே வெளியேறி, அடுத்த ஆண்டில் மீண்டு தத்தம் வளவுகளின் படலையைத் திறந்தபொழுது, அச்செய்யுளுக்கு எவரும் உரை சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆளற்ற முன்றிலில் அணில் ஆடுவது துயரத்தின் அடையாளம். ஆளுள்ள முன்றிலில் அது ஆடுவதோ, மரமும் நிழலும் கனியும் குழந்தையின் சிரிப்பும் அங்கே குறைவின்றி உள்ளன என்பதற்கு அடையாளம். கூரையை அடைத்து, கம்பியைக் காத்து, நஞ்சை விலக்கி, மரத்தின் உச்சிப் பழத்தை அதற்கென விட்டுவைக்கும் வீட்டில், மனிதனும் அணிலும் தத்தம் எல்லையில் நின்று வாழ்தல் இயல்வதேயாம்.