காது கேளாதவருக்கும் போன் சேவை: கேட்பது நமது உரிமை

வில்கமுவ பக்கம் காட்டோரத்தில் இருப்பவருக்கும் சரி, மலையில் லயத்தில் இருப்பவருக்கும் சரி, இராத்திரியில் ஓர் ஆபத்து வந்தால் போன்தான் துணை. அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. பேச முடிந்தவருக்கு இது லேசு. காது கேளாத, வாய் பேச முடியாத ஒருவர் வீட்டில் தனியாக இருந்தால் என்ன செய்வார்? கண் தெரியாதவர் போன் பில்லை எப்படி வாசிப்பார்?

இதைக் கேட்க அரசாங்கத்தில் ஓர் இடம் உண்டு. 1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 1996 இல் திருத்தப்பட்டபோது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவானது. போன் கம்பனிகளை மேற்பார்வை செய்வது அதன் வேலை. அவசர சேவை, கிராமப்புறச் சேவை உட்பட மக்களின் நியாயமான தேவைகள் நிறைவேறப் பார்ப்பதும் அதன் பொறுப்பு.

அதே 1996 இல் வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. அது வேலை, படிப்பு, பொதுக் கட்டடங்கள் பற்றிப் பேசுகிறது. 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. தகவல் தொடர்பும் அவசர சேவையும் மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 9 ஆம் உறுப்புரை.

இது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவில் 1990 இல் சட்டம் போட்டார்கள். 1993 முதல் நாடு முழுவதும் சேவை நடக்கிறது. காது கேளாதவர் எழுதி அனுப்புவதை ஓர் ஊழியர் மறுபக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துச் சொல்வார். அவர் சொல்லும் பதிலை எழுதி அனுப்புவார். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 இல் இது பற்றிச் சிபாரிசுகள் செய்தது.

நாம் செய்யக்கூடியவை:

1. குறையை முதலில் கம்பனிக்கு எழுத்தில் கொடுங்கள். திகதி போட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. சரியான பதில் வராவிட்டால் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்: 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8. தமிழிலேயே எழுதலாம்; அது அரசியலமைப்பு தந்த உரிமை.

3. எழுதச் சிரமமென்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி கேளுங்கள்.

ஒருவர் எழுதினால் அது ஒரு வீட்டின் குறை. பத்து லயத்திலிருந்து கடிதம் போனால், அது தோட்டத்தின் கோரிக்கை.