புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது எப்படி?

பிப்ரவரி மாதக் காலைகளில் பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறுகிறவர்கள் இந்தக் காட்சியைக் காணலாம். பிளஸ் டூ மாணவர் ஒருவர் ஜன்னலோரம் அமர்ந்து, உயிரியல் புத்தகத்தை மடியில் விரித்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருப்பார். பக்கம் முழுவதும் மஞ்சள் கோடுகள். படிப்பது மூன்றாம் முறை. எல்லாமே தெரிந்ததுபோல் இருக்கிறது. ஆனால் மார்ச் மாதத்தில், தேர்வுக் கூடத்தில், "எருக்கில் மகரந்தச் சேர்க்கை நடைபெறும் முறையைப் படத்துடன் விளக்குக" என்று கேட்டுவிட்டால், அந்தப் பக்கத்தின் மஞ்சள் நிறம்தான் நினைவுக்கு வருகிறது, விஷயம் வருவதில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

இதற்குச் சோம்பல் காரணமல்ல. மூளை குறைவு என்று வீட்டில் திட்டுவார்களே, அதுவும் காரணமல்ல. ஒன்றை அடையாளம் கண்டுகொள்வது வேறு. அதை எதிரில் வைக்காமல் நினைவிலிருந்து எடுப்பது வேறு. பத்து ரூபாய் நோட்டு தினமும் உங்கள் கையில் புரள்கிறது. அதன் பின்பக்கத்தில் என்ன படம் என்று, நோட்டைப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம். எடுத்துப் பார்த்ததும் "ஆமாம், இதுதான்" என்பீர்கள். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கையில் நீங்கள் வளர்ப்பது இந்த "ஆமாம், இதுதான்" என்னும் உணர்வை. தேர்வோ நோட்டைக் காட்டாமல் கேட்கிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகள் கொடுக்கப்பட்டன. ஒரு முறை படித்தபின் சிலர் அதையே மறுபடியும் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு, நினைவில் இருப்பதையெல்லாம் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது. மூடிவிட்டு எழுதியவர்களுக்கு 56. ஐந்து நிமிட வெற்றிதான் மாணவர்களை ஏமாற்றுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. படித்து முடித்த அன்றிரவு எல்லாம் தெரிகிறதல்லவா!

உயிரியல் மாணவராகிய நீங்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மூளைக்குள் என்னதான் நடக்கிறது? அப்ளீசியா என்னும் கடல் முயலிடம் இதற்குக் கொஞ்சம் விடை கிடைத்தது. பெயர்தான் முயல், ஓடில்லாத நத்தை போன்ற கடல்வாழ் மெல்லுடலி அது. அதன் நரம்பு செல்கள் மிகப் பெரியவை, எண்ணிக்கையிலும் குறைவு. எரிக் கான்டெல் என்ற அறிவியலார் அதன் வாலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். ஒரு முறை கொடுத்தால் அந்தப் பிராணி சில நிமிடங்களே அதை நினைவில் வைத்தது. இடைவெளி விட்டுப் பல முறை கொடுத்தால் நாட்கணக்கில் வைத்தது. சில நிமிட நினைவில், நரம்பு செல்கள் சந்திக்கும் இடங்களில் ஏற்கெனவே உள்ள இணைப்புகள் சற்று வலுப்பெறுகின்றன, அவ்வளவே. நீண்ட நாள் நினைவுக்கு உட்கருவில் ஜீன்கள் தூண்டப்பட்டு, புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே முளைக்கின்றன. புரத உற்பத்தியைத் தடுத்துவிட்டால் குறுகிய கால நினைவு இருக்கும். நீண்ட கால நினைவு உண்டாகாது. இந்தப் பணிக்காக 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசைக் கான்டெல் வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். மூலக்கூறு மரபியல் பாடத்தில் படியெடுத்தல், மொழிபெயர்த்தல் என்று உருப்போடுகிறீர்களே, அவையிரண்டும் நடந்தால்தான் அந்தப் பாடமே உங்கள் தலையில் தங்கும்!

சரி, எருக்குக்கு வருவோம். பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் தண்டவாள ஓரத்துக் காலி மனைகளில் கேட்பாரற்று வளரும் செடி அது. பிள்ளையார் சதுர்த்தியன்று மட்டும் அதற்கு மரியாதை. இரண்டு பூக்களும் ஒரு குண்டூசியும் எடுத்துக்கொள்ளுங்கள். செடியின் பால் கண்ணில் பட்டால் கடுமையான தீங்கு விளையும். ஆகவே காம்பைக் காகிதத்தால் பிடியுங்கள், முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

பூவின் நடுவே ஐந்து மூலைகள் கொண்ட தட்டையான மேடை தெரிகிறதல்லவா? அது சூலக முடி. அதைச் சுற்றி ஐந்து மகரந்தத்தாள்கள் அதனோடு ஒட்டி வளர்ந்திருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு மகரந்தப் பைகளுக்கு இடையே மெல்லிய பிளவு ஒன்று உண்டு. குண்டூசியை அந்தப் பிளவின் அடியில் நுழைத்து மெதுவாக மேல்நோக்கி இழுங்கள். ஊசியில் கறுத்த புள்ளி ஒன்று சிக்கி வரும். அதன் இரு பக்கமும் மஞ்சள் நிறத்தில் இரண்டு சிறு தகடுகள் தொங்கும். தகடுகள்தாம் பொல்லினியங்கள், மகரந்தத் தூள் முழுவதும் திரண்டு கட்டியானவை. கறுத்த புள்ளி ஒரு கவ்வி. தேன் குடிக்க வரும் கருவண்டின் கால் பிளவில் மாட்டி, இழுக்கும்போது இந்தக் கவ்வி காலைப் பற்றிக்கொள்கிறது. அடுத்த பூவின் பிளவில் அதே கால் நுழையும்போது பொல்லினியம் அங்கே தங்கிவிடுகிறது.

இப்போது கவனியுங்கள். கையிலிருக்கும் இரண்டு தகடுகளும் ஒரே மகரந்தப் பையிலிருந்து வந்தவையா? இல்லை. பிளவின் இடப்பக்கப் பையிலிருந்து ஒன்று, வலப்பக்கப் பையிலிருந்து ஒன்று. ஒரு பூவில் ஐந்து ஜோடி, ஆக மொத்தம் பத்து பொல்லினியங்கள். புத்தகத்தில் பலர் தவறவிடும் இடம் இதுதான். ஊசியால் ஒரு முறை எடுத்தவருக்கு இந்தக் குழப்பம் வராது.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். வெள்ளைத்தாளில் படத்தை வரைந்து பாகங்களைக் குறியுங்கள். பெயர் வராத கோட்டை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்; சட்டென்று புத்தகத்தைப் புரட்டுவதைவிட இரண்டு நிமிடம் தவிப்பது நல்லது. பிறகு திறந்து, விட்டதைச் சிவப்புப் பென்சிலால் நிரப்புங்கள். மறுநாள் புதிய தாளில் மறுபடியும். பிறகு மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து. நாட்களின் எண்ணிக்கை விதியொன்றுமில்லை; இடைவெளி இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஒரே இரவில் ஆறு முறை வரைவது, கடல் முயலுக்கு ஓர் அதிர்ச்சி கொடுத்த கதைதான். இரவெல்லாம் விழித்துப் படிப்பதும் வேண்டாம். அன்று கற்றது நிலைபெறத் தூக்கமும் உதவுகிறது.

எல்லாப் பாடத்துக்கும் குண்டூசி கிடைக்காது என்பது உண்மை. டி.என்.ஏ. இரட்டிப்பாதலைத் தாளில்தான் பார்க்க வேண்டும். ஆனால் சூழ்நிலையியல் பாடங்களுக்கு உங்கள் ஊரைப்போல் வசதி எங்கே? ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெங்காயத் தாமரையின் உப்பிய இலைக்காம்பைக் குறுக்கே வெட்டுங்கள். பஞ்சுபோன்ற காற்றறைத் திசு தெரியும். நீர்த்தாவரங்களின் தகவமைப்பு பற்றிய விடையின் முதல் வரி அதுவே. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி ஏரியை மூடினால் நீருக்குள் ஒளி இறங்காது. அதையும் சேர்த்து எழுதினால் அயல் இனங்களின் ஊடுருவலுக்கு உதாரணம் கிடைத்துவிடும். அடுத்த ரயில் நிலையமான வண்டலூரில், 1985-ல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. 1855-ல் சென்னை நகருக்குள் தொடங்கிய மிருகக்காட்சிசாலைதான் இங்கே இடம்பெயர்ந்தது. அங்கே சிங்கவால் குரங்கைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் அதைக் காப்பது வாழிடத்திலேயே பாதுகாத்தல். வண்டலூரில் காப்பது வாழிடத்துக்கு வெளியே பாதுகாத்தல். கூண்டெதிரே நின்று, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றை நண்பரிடம் புத்தகமில்லாமல் சொல்லிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. வேறு நாளில் போங்கள்.