கடல் வற்றிய கரையில் ஓர் அக்டோபர் பகல்: இதெல்லாம் தெரியுமா?

சென்னை மெரினாவில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் மாறும். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறதே பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழி, அங்கே எவ்வளவு தெரியுமா? சராசரியாகவே மூன்றரை மீட்டர்! இரண்டு ஆள் உயரத் தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிப் போய்விடும். காலையில் மீன் நீந்திய இடத்தில் மதியம் செருப்புக் காலோடு நடக்கலாம்!

எல்லாம் நிலவின் வேலை. நிலவு தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக வருவதால் வற்றமும் தினமும் தள்ளிப்போகும். அதனால்தான் இந்தக் கரைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் வற்றத்தின் நேர அட்டவணையைப் பார்க்கிறார்கள். இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இங்கே கடல் மிக அதிகமாக வற்றுவது கோடையில் நடுப்பகலிலும் குளிர்காலத்தில் நள்ளிரவை ஒட்டியும்! பூமியின் சாய்வு செய்கிற மாயம் இது. குளிர்கால இரவுகளில் லாந்தரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறவர்கள் உண்டு. இலையுதிர் காலம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பகலில் கடல் ஓரளவுக்கே விலகும். அதில் குறையொன்றும் இல்லை என்பேன். மேல்கரையில் வாழும் உயிர்கள்தான் வெயில், மழை, வறட்சி, அலை அத்தனையையும் தாங்குகிற மகா கெட்டிக்காரர்கள். கோடைக் கூட்டமும் அக்டோபரில் இருக்காது. நிதானமாகக் குனிந்து பார்க்கலாம்.

முதலில் கண்ணில் படுவது பாறை முழுக்க ஒட்டியிருக்கும் கொட்டலசு. நடுவில் வாய் வைத்த சின்னச் சின்ன வெள்ளைக் கூம்புகள். கிளிஞ்சல் இனம் என்று நினைத்தால் தவறு! இது நண்டு, இறால் வகையறா. குஞ்சாக இருக்கும்போது கடலில் நீந்தித் திரியும். பிறகு ஓர் இடம் பார்த்துத் தலையைப் பாறையில் வைத்துப் பசை போட்டு ஒட்டிக்கொண்டால் ஆயுளுக்கும் அதுதான் முகவரி. தலைகீழாக நின்றபடி கால்களால் உணவை அள்ளி வாய்க்குள் போடும்! தண்ணீர் தேங்கிய ஒரு குழியருகே அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். கூம்பின் கதவு திறக்கும், இறகுக் கால்கள் வெளியே வீசி, மடங்கி, உள்ளே போகும், மறுபடி வரும். உங்கள் நிழல் விழுந்ததோ, படக்கென்று மூடிக்கொள்ளும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்தக் கொட்டலசுகளையே ஆராய்ந்தார் என்பது தெரியுமா? அப்பாக்கள் எல்லோருக்கும் இதுதான் வேலை என்று எண்ணிய அவர் பிள்ளை ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் எந்த இடத்தில் உட்கார்ந்து கொட்டலசு பார்ப்பார் என்று விசாரித்ததாக ஒரு கதையே உண்டு!

கொஞ்சம் கீழே இறங்கினால் பாறை இடுக்கில் கிளிஞ்சல் தூள் ஒட்டிய கொழகொழ மேடுகள். மிதித்துவிடாதீர்கள், அவை கடல் சாமந்திகள்! தண்ணீர் இல்லாத நேரத்தில் இதழ்களை உள்ளே இழுத்துக்கொண்டு, ஈரம் காயாமலிருக்க உடம்பெல்லாம் கிளிஞ்சல் துண்டுகளைப் பூசிக்கொண்டிருக்கும். ஒன்று இரண்டாகப் பிளந்து, அவை நான்காகி, ஒரே அச்சில் ஒரு கூட்டமே உருவாகிவிடும். பக்கத்தில் வேறு வம்சத்துக் கூட்டம் வந்தால் யுத்தம்தான்! இதற்கென்றே வைத்திருக்கும் வெள்ளை முனைக் கொடுக்குகளால் கொட்டித் தள்ளும். இரு படைகளுக்கும் நடுவே ஒரு வெற்றுக் கோடு தெரியும். அதுதான் எல்லைக்கோடு!

ஊதாவும் ஆரஞ்சுமாகக் கிடக்கும் நட்சத்திர மீன் இன்னும் பெரிய ஆள். 1963-ல் ராபர்ட் பெயின் என்ற விஞ்ஞானி இதே வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து இந்த நட்சத்திர மீன்களை மட்டும் எடுத்து எடுத்துக் கடலில் வீசினார். அவற்றுக்குப் பயந்து அடங்கிக் கிடந்த சிப்பிகள் பாறையையே வளைத்துக்கொள்ள, 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 இனங்களே மிஞ்சின! ஒரே ஓர் உயிர் மொத்தக் கரையையும் தாங்கிப் பிடிக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். 2013-லிருந்து ஒரு கொடிய நோய் நட்சத்திர மீன்களைக் கைகள் கழன்று கரைந்துபோக வைத்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அவற்றில் சூரியகாந்தி நட்சத்திர மீன் என்ற இனத்தில் அந்த நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று 2025-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

பாறையில் அப்பிக்கொண்டிருக்கும் கைட்டன் என்ற ஓட்டு உயிரின் நாக்கு தேங்காய்த் துருவி போலப் பாசியைச் சுரண்டும். அதன் பற்களில் இருப்பது காந்தக்கல்! மெய்யாகவே காந்தத்தில் ஒட்டும். மணலுக்கு அடியில் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைந்து வாழும் கூயிடக் சிப்பிக்கு வயது? 168 வரை வாழ்ந்த ஒன்று பதிவாகியிருக்கிறது!

இலையுதிர் காலத்துக்கே உரிய பரிசு, புயல் பிடுங்கிக் கரையில் எறியும் புல் கெல்ப் என்ற ராட்சதக் கடற்பாசி. வசந்தத்தில் கண்ணுக்கே தெரியாத துளியாகத் தொடங்கி, ஒரே பருவத்தில் 30 மீட்டர் வரை வளர்ந்துவிடும்! ஒரு முனையில் அதை மிதக்க வைக்கும் உருண்டை. அதற்குள் அடைபட்ட காற்றில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் கலந்திருக்கிறது. இந்தக் கரையோரப் பூர்வகுடிகள் இதன் தண்டைப் பதப்படுத்தி மீன்பிடி கயிறாக்கினார்கள், உருண்டையில் மீன் எண்ணெய் ஊற்றி வைத்தார்கள். குவியலைக் கிளறினால் நூற்றுக்கணக்கில் துள்ளும் கரைத்தத்தி என்ற குட்டி உயிர்களுக்கு விருந்தே இதுதான்.

ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் பழையபடியே மெதுவாக வைத்துவிடுங்கள். அடியில் இருப்பவை வெளிச்சத்திலும் காற்றிலும் காய்ந்து செத்துப்போகும்.

நவம்பர் வரை காத்திருக்க முடிந்தால் சியாட்டிலின் கார்க்கீக் பூங்காவுக்குப் போங்கள். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சிறு ஓடைக்குள், கடலில் வளர்ந்து முதிர்ந்த சம் சால்மன் மீன்கள் முட்டையிடத் திரும்பி வரும். ஒரு காலத்தில் இந்த ஓடையில் அடியோடு இல்லாமல் போயிருந்த மீன்கள், ஊர்மக்கள் பாடுபட்டு மறுபடி கொண்டுவந்தவை! அன்று மட்டும் அட்டவணையில் வற்றத்தைப் பார்க்காமல் ஏற்றத்தைப் பாருங்கள். கடல் ஏறும்போதுதான் அவை உள்ளே நுழைவது சுலபம்.