உங்களுக்குத் தெரியுமா? கவலையும் சர்க்கரையை ஏற்றும்!

நீண்ட நாள் துக்கம் நீரிழிவுக்குக் காரணமாகலாம் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ். அது எப்படி என்பது இன்று நமக்குத் தெரியும்.

பயமோ பதற்றமோ வந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கின்றன. ஓடித் தப்பிக்கச் சக்தி வேண்டும் அல்லவா? உடனே கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடன் தவணையை நினைத்துப் பதறுகிறவருக்கும் இதேதான் நடக்கிறது. ஆனால் அவர் எங்கும் ஓடுவதில்லை, சர்க்கரையும் செலவாவதில்லை. மாதக்கணக்கில் இப்படியே போனால் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும் சேர்கிறது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை எகிறுவதும் இந்த வழியில்தான். அந்த மாத்திரை கார்டிசாலைப் போலவே வேலை செய்யும்.

தூக்கம் கெட்டாலும் ஆபத்துதான். 1999இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான 11 இளைஞர்களை 6 இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். சர்க்கரையைக் கையாளும் அவர்களது உடல்திறன் அதற்குள்ளேயே குறைந்துபோனது.

பரம்பரை, உடல் எடை, உணவு, உழைப்பின்மை ஆகியவற்றுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் மாத்திரை, பத்தியம் எல்லாம் சரியாக இருந்தும் சர்க்கரை இறங்கவில்லை என்றால், உங்கள் தூக்கத்தையும் மனக்கவலையையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.