யாரைக் கூட்டிக்கொண்டு போவது?

“இவன எங்கயாவது நல்ல கவுன்சலர்கிட்ட காட்டணும்.” பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா சில வருடங்களுக்கு முன் போனில் சொன்னது இது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் செல்போனைக் கீழே வைப்பதில்லை, ஏதாவது கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறான், மார்க் சரிந்துவிட்டது. காய்ச்சல் வந்த பிள்ளையை டாக்டரிடம் காட்டுவதைப் போலத்தான் அவள் நினைத்தாள். நம் வீடுகளில் தேடல் பெரும்பாலும் இந்தக் ‘காட்டணும்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. தவறான இடத்தில் போய் நிற்பதற்கும் அதுவே பாதிக் காரணம்.

முதலில் போன இடத்தில், ஆலோசகர் பையனை மட்டும் உள்ளே அழைத்து நாற்பது நிமிடம் புத்தி சொன்னார். பிறகு வெளியே வந்து, அவன் உள்ளே சொன்னதையெல்லாம் வராந்தாவில் வைத்தே அக்காவிடம் ஒப்பித்தார். பையன் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதன்பிறகு ஆறு மாதம், கவுன்சலிங் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

இரண்டாவதாகப் போனது ஒரு மருத்துவ உளவியலாளரிடம். “முதல் நாள் தம்பி வர வேண்டாம். நீங்களும் சாரும் மட்டும் வாங்க” என்றார் அவர். அக்கா மகனின் குற்றங்களை அடுக்கத் தொடங்கியதும் நிறுத்தி, “நேத்து ராத்திரி எட்டு மணியில இருந்து என்ன நடந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க. முதல்ல பேசினது யாரு?” என்று கேட்டார்.

எட்டு மணிக்கு அக்கா போனை வைக்கச் சொன்னாள். அவன் ‘ம்’ என்றான். எட்டே காலுக்குக் குரலை உயர்த்தினாள். எட்டரைக்கு அத்தான் வந்து போனைப் பிடுங்கினார். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். ஒன்பதரைக்கு ஆச்சி, அதாவது அத்தானின் அம்மா, “பிள்ள பட்டினியா கெடக்கானே” என்று போனையும் இட்லித் தட்டையும் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினார். அதை வைத்து மாமியாருக்கும் மருமகளுக்கும் வாய்த்தகராறு. அத்தான் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

இதை நேரவாரியாக ஒரு தாளில் எழுதி அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, “இதுல இருந்து தம்பி என்ன கத்துக்கிட்டிருப்பான்?” என்று கேட்டார் அந்த உளவியலாளர். தட்டைத் தள்ளினால் போன் திரும்பி வரும் என்பதை அத்தான்தான் முதலில் சொன்னாராம்.

அமெரிக்காவின் ஆரிகனில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர், குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்து, இதே சங்கிலியைப் பல ஆண்டுகள் பதிவு செய்தார். பிள்ளை கத்துகிறது, பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், வீடு அமைதியாகிறது. பிள்ளைக்குக் கேட்டது கிடைத்தது, பெரியவருக்கு நிம்மதி கிடைத்தது. இரண்டு பேருக்குமே பலன் இருப்பதால் மறுநாளும் அதேதான் நடக்கும். பெற்றோருக்குப் பயிற்சி தரும் இன்றைய சிகிச்சை முறைகள் பலவும் இந்த ஒரு கவனிப்பிலிருந்து கிளைத்தவை. சின்னக் குழந்தைகளுக்காக ஷீலா ஐபெர்க் 1970-களில் உருவாக்கிய முறையில், அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவார்கள். சிகிச்சையாளர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டு, பெற்றோரின் காதில் உள்ள கருவி வழியாக என்ன சொல்லலாம், எப்போது பேசாமல் இருக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பார்.

வீட்டாரைச் சேர்த்து உட்கார வைப்பது நமக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்குவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். ஆகவே பிள்ளை வளர்ப்புச் சிக்கலுக்கு ஒருவரைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது, அவர் பெற்றவர்களையும் உட்கார வைத்துப் பேசுவாரா என்பதைத்தான். பிள்ளையை மட்டும் அனுப்புங்கள், நான் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம் என்பேன்.

யார் யார் என்பதிலும் குழப்பம் உண்டு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதலாம். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வருகிறது என்றால் முதலில் போக வேண்டியது அவரிடம்தான். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சுவழிச் சிகிச்சை தருவார், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வார். ‘சோம்பேறி’ என்று அடி வாங்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மையில் எழுத்துக் கூட்டிப் படிப்பதே மலையாக இருக்கிறது. அந்தச் சோதனை ஒன்றே வீட்டின் சண்டையைப் பாதியாகக் குறைத்துவிடும். இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், 1992-ன் கீழ் இவர்களுக்குப் பதிவு கட்டாயம். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்; முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார்.

ஆலோசகர் என்ற பெயருக்கு அப்படிக் கட்டாயப் பதிவு நடைமுறையில் இல்லை. சமூகப் பணியில் முதுகலை முடித்துப் பல வருடம் குடும்பங்களோடு வேலை பார்த்தவரும், சில மாதச் சான்றிதழ் படிப்பு முடித்தவரும் ஒரே பெயர்ப்பலகைதான் மாட்டுகிறார்கள். முன்னவரில் அருமையானவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள், இந்த வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட வேண்டும். கட்டணத்தையும் அப்போதே கேளுங்கள். மூன்றே சந்திப்பில் குணம் என்று உறுதி தருபவரிடமும், பத்துச் சந்திப்புக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

ரகசியம் பற்றியும் முதல் நாளே பேசிவிட வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அதை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோருக்குத் தெரிய வேண்டியவை உண்டு. எதைச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று நல்ல சிகிச்சையாளர் பிள்ளையை வைத்துக்கொண்டே விளக்குவார். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வார். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மற்றதெல்லாம் பிள்ளையின் சொத்து. என் அக்கா மகனிடமிருந்து அந்த வராந்தாவில் பறிக்கப்பட்டது அதுதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. மகனோ மகளோ தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்று தெரிந்ததும் ‘மாற்றித் தரச் சொல்லி’ அழைத்துப் போகும் பெற்றோர் இருக்கிறார்கள். மாற்றித் தருகிறேன் என்பவர் சிகிச்சையாளரே அல்ல. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் இத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தது. அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது தனக்குப் புரியாத விஷயம் என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். பெற்றவர்கள் செய்ய வேண்டியதும் அதுவே. அங்கே உதவி தேவைப்படுவது பெரும்பாலும் நமக்குத்தான்.

பணம் இல்லையே என்று நின்றுவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். கூட்டம் அதிகம், நீண்ட நேரம் பேச முடியாது என்பது உண்மை. ஆனால் என்ன பிரச்சினை, அடுத்து எங்கே போவது என்பது அங்கே தெளிந்துவிடும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-ல் வேர்விட்டது. அந்த ஊர்ப்பெயரையே சினிமாவும் பேச்சும் கேலிச்சொல்லாக்கி, உதவி வேண்டிய எத்தனையோ பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பேச்சு வரத் தாமதம், நடத்தையில் வித்தியாசம் என்றால் குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களைக் கேளுங்கள். வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு 14416 இருக்கிறது: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

“எனக்கென்ன பைத்தியமா, நான் எதுக்கு வரணும்?” என்று வீட்டுக்காரர் மறுத்தால்? தனியாகப் போங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அசைந்தாலும் மற்றவை அப்படியே இருக்க முடியாது. அத்தானே மூன்றாவது சந்திப்பிலிருந்து வரவில்லை, ஆச்சிதான் போனார். ஆனால் வீட்டில் அடி, உதை இருக்கிறது என்றால் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது ஆபத்து. உள்ளே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பாதுகாப்பு முதலில், சேர்ந்து பேசுவது அப்புறம்.

முதல் போனை எப்படித் தொடங்குவது என்று தெரியாமலேயே பலர் நாட்களைத் தள்ளுகிறார்கள். அக்கா இரண்டாம் முறை பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். “மேடம், பையனுக்குப் பதினாலு வயசு. தினமும் ராத்திரி போனுக்காகச் சண்ட வருது. அவன்கிட்ட எப்படிப் பேசணும்னு எங்களுக்குத் தெரியல. மொதல்ல நாங்க வரலாமா?” இவ்வளவுதான் சொன்னாள். மறுமுனையில் எந்தக் கிழமை தோதுப்படும் என்று கேட்டார்கள்.