எடைக்குப் போடாத ஐந்து வால்யூம்!

பழைய பேப்பர்காரரின் தராசுக்கு இலக்கியம் தெரியாது. கரன்ட் பில், கல்யாணப் பத்திரிகை, காவியம்... எல்லாம் ஒரே ரேட்தான். கிலோ பன்னிரண்டு ரூபாய்!

மன்னார்குடி வீட்டைக் காலி செய்து அப்பாவைச் சென்னைக்கு அழைத்து வரப் போயிருந்தேன். ஆபீஸில் மூன்று நாள்தான் லீவு கிடைத்தது. அதற்குள் அறுபது வருஷக் குடித்தனத்தைப் பத்து அட்டைப்பெட்டிக்குள் அடக்கியாக வேண்டும். பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. மூடி இல்லாத பாத்திரம், பாத்திரம் இல்லாத மூடி, கால் உடைந்த மரக்குதிரை... கடைசியாக, வேஷ்டித் துணியில் முடிந்த ஐந்து தடித்தடிப் புத்தகங்கள். 'பொன்னியின் செல்வன்'. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்தது.

பேப்பர்காரர் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். "அட்டைக்கு எடை கழிச்சுக்குவேன் சார்" என்றார், கறாராக.

"கழிச்சுக்குங்க" என்றேன், பெருந்தன்மையாக. எனக்கென்ன? அதே கதை என் மொபைலிலேயே இருக்கிறதே!

ஈஸிசேரில் இருந்த அப்பா எழுந்து வந்தார். எண்பத்து மூன்று வயது. அண்டா போனபோதும், கட்டில் போனபோதும் வாயே திறக்காத மனுஷன், தராசுத் தட்டின் மேல் கையை வைத்தார்.

"இது வேண்டாம்ப்பா" என்றார். என்னிடம் இல்லை, பேப்பர்காரரிடம்!

*

இன்றைய இளவட்டங்களுக்கு 'பைண்டிங் வால்யூம்' என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

'கல்கி' பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே மாதம் வரை வந்தது. மூன்றரை வருஷம்! இன்று ஒரு வெப் சீரிஸை ஒரே ராத்திரியில் பார்த்து முடித்துவிட்டு, மறுநாள் ஆபீஸில் கொட்டாவி விடுகிறோம். அன்று வந்தியத்தேவன் ஒரு ஆபத்தில் மாட்டினால், அடுத்த வாரம் தபால்காரரோ ஏஜென்ட் பையனோ வந்துதான் அவனைக் காப்பாற்றியாக வேண்டும்!

பத்திரிகை வந்ததும் யார் முதலில் படிப்பது என்று வீட்டில் ஒரு ரகளை. எல்லோரும் படித்து முடித்த பிறகு, பின்னைப் பிரித்துக் கதைப் பக்கங்களை மட்டும் உருவி எடுத்து, பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். ஒரு பாகம் முடிந்ததும் பைண்டரிடம் போகும். அவர் பக்கங்களை வரிசைப்படுத்தி, முதுகில் துளை போட்டு, நூல் கோத்துத் தைப்பார். மாவுப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார். மேலே அட்டை, முதுகுக்குக் காலிக்கோ துணி. கடைசியில் ஓரத்தைச் சமமாக வெட்டுவார். அங்கேதான் கண்டம். பைண்டர் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டால் ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்து அம்பேல்!

இதில் ஒரு போனஸும் உண்டு. கதைப் பக்கத்தின் பின்பக்கத்தை என்ன செய்ய முடியும்? அதில் இருந்த பாதி ஜோக், வேறு கதையின் வால், தைல விளம்பரம் எல்லாம் சோழ சாம்ராஜ்யத்தோடு சேர்ந்தே பைண்டு ஆகிவிடும். அச்சுப் புத்தகத்தில் இது கிடைக்காது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு எத்தனையோ பதிப்பகங்கள் 'பொன்னியின் செல்வ'னைப் போட்டிருக்கின்றன. ஆனால் மணியத்தின் படங்கள், வந்த வாரத்தில் வந்தபடியே வேண்டுமென்றால், ஏதோ ஒரு வீட்டுப் பரணில்தான் தேட வேண்டும்.

*

அன்று ராத்திரி கரன்ட் போய்விட்டது. திண்ணையில் நானும் அப்பாவும். எங்கள் இருவருக்கும் பேச்சு என்பது "சாப்டியா?", "மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?" ரகம்தான். ஏதாவது பேச வேண்டுமே என்று மூன்றாவது வால்யூமை எடுத்து, மொபைல் வெளிச்சத்தில் புரட்டினேன்.

நடுவே அச்சுப் பக்கங்கள் நின்று, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுத் தாள்கள் வந்தன. பன்னிரண்டு பக்கம். முழுக்க மை பேனா எழுத்து. 'ர'வுக்கும் 'ற'வுக்கும் அடிதடி. நடுவில் ஒரு படம் வேறு. குதிரையாம். எனக்கு ஆடாகத்தான் தெரிந்தது.

"யாருப்பா எழுதினது?"

"நான்தான். பத்துப் பதினோரு வயசு இருக்கும்."

அந்த வாரப் பத்திரிகையை ஊரிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர், பஸ்ஸில் படிக்க என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். எதிர் வீட்டிலும் அதே பத்திரிகை வாங்கினார்கள். ஆனால் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். ஏன்? அவர்களும் பைண்டு செய்கிறார்கள்! வேண்டுமானால் திண்ணையில் உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள் என்றார்களாம். இரண்டு சாயங்காலம், விளையாடப் போகாமல் அப்பா எழுதியிருக்கிறார். மணியத்தின் குதிரையையும் விட மனசில்லை!

"அவ்வளவு பைத்தியமா உங்களுக்கு அந்தக் கதை மேல?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு இல்லடா... எங்கம்மாவுக்கு" என்றார்.

"பாட்டி அவ்வளவு படிப்பாங்களா?"

"எங்கம்மாவுக்கு எழுத்தே தெரியாதுடா."

எனக்கு இது தெரியாது. நாற்பத்தாறு வயதாகிறது, பாட்டி மடியில் வளர்ந்தவன்... தெரியாது!

தாத்தா ரைஸ் மில்லில் கணக்கெழுதிவிட்டு வீடு திரும்பப் பத்து மணி ஆகும். அதனால் சமையற்கட்டில் சிம்னி விளக்கு வைத்துக்கொண்டு வாராவாரம் அப்பாதான் பாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். பாட்டி அரிசி களைந்துகொண்டே கேட்பாராம். நந்தினி வந்தால் மட்டும் கை நின்றுவிடுமாம். தொடர் முடிந்து, ஐந்து பாகமும் பைண்டு ஆகி வந்ததும், "மொதல்லேருந்து படி" என்றாராம் பாட்டி.

"ரெண்டாம் தடவை எனக்குத் தூக்கம் வந்தா, நைசா ஒரு பக்கத்தைத் தாண்டிடுவேன். உடனே பிடிச்சிடுவா. 'ஏண்டா, நடுவுல ஆத்தைக் கடந்தானே, அதை எங்கே விட்டே?' அப்படின்னு கேப்பா!"

அப்பா சிரித்தார். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது மட்டும் தெரிந்தது.

நான் எடைக்குப் போடப் பார்த்தது பேப்பரை அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

*

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். 'தில்லானா மோகனாம்பா'ளாகவோ, 'சிவகாமியின் சபத'மாகவோ, தாத்தா பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்ட திருக்குறளாகவோ இருக்கலாம். பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் நாலே நாலு யோசனை:

ஒன்று, கிழிந்த பக்கத்துக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை பழுப்பாகி, எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் பழுத்து நொறுங்கும். காற்றோட்டமான இடத்தில், ஈரம் படாமல் படுக்கை வசமாக வையுங்கள்.

இரண்டு, வீட்டில் வைக்க இடமில்லையா? எடைக்குப் போடாமல் நூலகத்தைக் கேளுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாளெல்லாம் தேடித்தேடிச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான், 1994-ல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அஸ்திவாரம். மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததெல்லாம் அங்கே இன்று ஆராய்ச்சி!

மூன்று, முதல் பக்கத்தில் யார் வாங்கியது, யார் படித்தது என்று எழுதி வையுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் உங்கள் பிள்ளைக்கு அது வெறும் பழைய பேப்பர்தான். எனக்கு அப்படித்தானே இருந்தது!

நான்காவதுதான் முக்கியம். புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "நல்ல புக்கு, படி" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடாதீர்கள். படிக்க மாட்டார்கள். நாமும் படிக்கவில்லையே! கூட உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தினம் பத்து நிமிஷம் போதும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. என் மகளுக்கும் இங்கிலீஷ் மீடியம் புண்ணியத்தில் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இருவருக்கும் தேவை ஒன்றே ஒன்றுதான். படித்துக் காட்ட ஒரு ஆள்!

*

ஐந்து வால்யூமும் இப்போது எங்கள் வேளச்சேரி ஃப்ளாட்டில், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கின்றன. மகள் முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தாள். "படம்தான் ரெண்டு பார்ட்டும் பார்த்தாச்சே தாத்தா!" என்றாள். 2022-லும் 2023-லும் வந்த மணிரத்னம் படங்களைத்தான் சொல்கிறாள்.

"படத்துல இல்லாதது இதுல நிறைய இருக்கு" என்று ஆசை காட்டி, அப்பா முதல் பக்கத்தைப் பிரித்தார்.

ஆறு மாதமாக நடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் தாத்தாவும் பேத்தியும் பால்கனிக்குப் போய்விடுவார்கள். போன வாரம் ஆபீஸிலிருந்து லேட்டாக வந்தேன். மூன்றாவது வால்யூமின் அந்த நோட்டுத் தாள்களுக்கு வந்திருந்தார்கள்.

"இது என்ன தாத்தா, ஆடா?"

"குதிரை!" என்றார் அப்பா, ரோஷமாக.

அப்பாவுக்கு இப்போதெல்லாம் இடது கண்ணில் புரை. சீக்கிரம் களைத்துப் போகிறார். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. ஒரு தாள் புரளும் சத்தம். உடனே மகளின் அதட்டல் கேட்டது:

"தாத்தா, சீட்டிங்! ஒரு பக்கம் விட்டுட்டீங்க!"

பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நான் படிக்கிறேம்ப்பா" என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு வரிகூடத் தாண்டாமல் படிக்கிறேன். கேட்கிறவர்கள் இரண்டு பேருமே ரொம்பக் கண்டிப்பு!