சான்றிதழ் கையில், புகை காற்றில்

2017 மார்ச் கடைசி இரண்டு நாட்களில் நாடெங்கும் டூவீலர் ஷோரூம்களில் தீபாவளிக்குக்கூடக் காணாத கூட்டம். ஒரு வண்டிக்குப் பத்தாயிரம், சில மாடல்களுக்கு இருபதாயிரத்தையும் தாண்டித் தள்ளுபடி. காரணம், 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு: ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3, அதாவது பழைய பாரத் ஸ்டேஜ் 3 புகை விதிப்படி தயாரான வண்டிகளை விற்கவும் கூடாது, பதிவு செய்யவும் கூடாது. அன்று நிறுவனங்களிடமும் டீலர்களிடமும் விற்காமல் தேங்கியிருந்த பி.எஸ்.3 வண்டிகள் சுமார் 8.24 லட்சம். அவற்றில் 6.71 லட்சம் இருசக்கர வாகனங்கள். நிறுவனங்களின் நஷ்டத்தைவிட மக்களின் ஆரோக்கியம் பெரிது என்பதே நீதிமன்றம் சொன்ன நியாயம்.

தள்ளுபடியில் வண்டி வாங்கியவர்களுக்கு அது லாபம். ஆனால் அந்த விலை ஏன் சரிந்தது என்று யோசித்தவர்கள் குறைவு. பதிவெண் வாங்கிய அந்த வண்டிகளில் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய விதி புதிய வண்டியைத்தான் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்ட வண்டியைக் கட்டுப்படுத்த நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கருவி, புகைப் பரிசோதனை. அதை நாம் எவ்வளவு அலட்சியமாக நடத்துகிறோம் என்பதுதான் கவலை.

இந்தியாவில் பதிவான வாகனங்களில் நான்கில் ஏறக்குறைய மூன்று இருசக்கர வாகனங்கள். ஒரு பைக் விடும் புகை கொஞ்சம்தான். ஆனால் அது கோடிக்கணக்கில் பெருகும்போது கணக்கு மாறிவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் வண்டியின் சைலன்சரும் பின்னால் நிற்பவரின் முகமும் சில அடி தூரத்தில்தான் இருக்கின்றன. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரில் இருப்பவரைவிட, பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையும், நடைபாதையில் பூ விற்கும் அம்மாவும், சந்திப்பில் நாள் முழுக்க நிற்கும் போக்குவரத்துக் காவலரும்தான் அதை நேரடியாகச் சுவாசிக்கிறார்கள்.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது? கார்பன் மோனாக்சைடு, எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். எரியாத ஹைட்ரோகார்பன்களில் ஒன்றான பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் தரைமட்டத்தில் ஓசோன் உருவாகி மூச்சுக்குழாய்க்கு எரிச்சலூட்டும். ஆண்டு முழுக்க வெயில் காயும் நம் ஊர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. இந்தியாவில் 2019இல் சுமார் 16.7 லட்சம் மரணங்களுக்குக் காற்று மாசு காரணம் என்று லான்செட் ஆய்விதழில் வெளியான கணக்கு சொல்கிறது. அனல்மின் நிலையம், சாலைப் புழுதி, குப்பை எரிப்பு என்று எல்லாமே இதில் பங்காளிகள். வாகனப் புகையை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. ஆனால் நம் கையாலேயே குறைக்க முடிந்த பங்கு அதுதான்.

விதிகள் பலன் தந்திருக்கின்றனவா? சந்தேகமில்லாமல் தந்திருக்கின்றன. டூ ஸ்ட்ரோக் காலத்தை நினைத்துப் பார்த்தால் போதும். 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டிக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு; அந்தப் பாசம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவை, எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு போகும்போது தானும் கொஞ்சம் வெளியே போய்விடும். நிரப்பிய பெட்ரோலில் கால்வாசி வரைகூட எரியாமலே சைலன்சர் வழியாகப் போகலாம். கூடவே ஊற்றிய ஆயிலும் எரிந்து நீலப் புகையாக வரும். 1991இல் தொடங்கி 1996, 2000, 2005, 2010 என்று விதிகள் இறுக இறுக, டூ ஸ்ட்ரோக் படிப்படியாக மறைந்தது. கிராமத்து வியாபாரிகளின் உழைப்பாளியான டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியே 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக்காக மாறியது.

பெரிய பாய்ச்சல் 2020 ஏப்ரல் 1இல் நடந்தது. பி.எஸ்.5 என்ற படியையே தாண்டி, பி.எஸ்.4இலிருந்து நேராக பி.எஸ்.6. ஒரு கிலோமீட்டருக்கு 0.39 கிராம் வரை இருக்கலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு, 0.06 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்றானது. அதே சமயம் பெட்ரோலில் இருந்த கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற அளவிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கார்புரேட்டர் கொண்டு இந்த வரம்பை எட்டுவது கடினம் என்பதால் ஸ்கூட்டர் வரைக்கும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வந்தது. வண்டி விலை ஆயிரக்கணக்கில் கூடியது. ராயல் என்ஃபீல்டின் 500 சிசி புல்லட் விடைபெற்றது. வருத்தப்பட்டவர்கள் பலர். எனினும் மூச்சு விடுகிற எல்லோருக்கும் கிடைத்த பலனோடு ஒப்பிட்டால் அந்த விலை நியாயமானதே.

இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை. பி.எஸ்.6 பைக்கின் சுத்தம் பெருமளவு நம்பியிருப்பது சைலன்சர் குழாய்க்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை. தேன்கூடு போன்ற சின்னச் சின்னத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். புகை அதன் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோல் நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகவும், நைட்ரஜன் ஆக்சைடு சாதாரண நைட்ரஜனாகவும் மாறும். சத்தம் வேண்டும், கெத்து வேண்டும் என்று கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் விற்கும் சைலன்சரை மாட்டினால், பல வண்டிகளில் இந்தக் கன்வெர்ட்டரும் சேர்ந்தே போய்விடுகிறது. பி.எஸ்.6 வண்டி என்று ஆர்.சி.யில் இருக்கும், புகை பழைய காலத்துப் புகையாக இருக்கும்.

இதைச் சொல்லிக்கொடுக்கும் கடைகள் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவது தவறு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் கீழ், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பிள்ளைக்கு ஆசையாக பைக் வாங்கிக்கொடுத்த அப்பா பெயரில்தான் ஆர்.சி. இருக்கும். மாட்டியது மகனானாலும் சட்டம் தேடுவது உரிமையாளரை.

இனி, புகைச் சான்றிதழ். மத்திய மோட்டார் வாகன விதி 115இன்படி, முதல் பதிவிலிருந்து ஓராண்டு கழிந்ததும் ஒவ்வொரு வண்டிக்கும் இது கட்டாயம். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஓராண்டு செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம். பேட்டரி வண்டிகளுக்குத் தேவையில்லை. மாசு வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியும் போகும். வழக்குக்குப் போகாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் சமரசக் கட்டணத்தை மாநில அரசு தனியாக நிர்ணயிக்கும்.

தண்டனை இவ்வளவு கடுமையாக இருந்தும் பரிசோதனை எப்படி நடக்கிறது? டெல்லியின் வாகன மாசுக் கட்டுப்பாடு பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்த அறிக்கை 2025இல் அங்குள்ள சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரோகார்பனோ வரம்பைத் தாண்டியிருந்தும் 1.08 லட்சம் வண்டிகளுக்கு ‘பாஸ்’ சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. 76,865 முறை, பரிசோதித்துச் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுக்க ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. நாட்டிலேயே காற்று மாசுக்காக அதிகம் பேசப்படும் நகரத்தின் நிலை இது. பெட்ரோல் பங்க் ஓரத்து வேனில் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துச் சான்றிதழ் தருவதைத் தமிழ்நாட்டிலும் பலர் பார்த்திருப்பார்கள். ‘செக்கிங்’கில் காட்ட ஒரு தாள் கிடைத்தால் போதும் என்று நினைக்கும் வரை இது மாறாது.

பரிசோதனைக்கும் வரம்பு உண்டு. வண்டியை நிறுத்தி, ஐடிலில் ஓடவிட்டு, சைலன்சருக்குள் குழாயைச் செருகி அளப்பதுதான் முறை. 2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 4,500 பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்றால் ஹைட்ரோகார்பன் 6,000 வரை. நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் இதில் அளக்கப்படுவதே இல்லை. சாலையில் போகும்போது வரும் புகையைத் தொலைவிலிருந்தே அளக்கும் கருவிகளை நகரங்களில் பரவலாக வைத்தால் உண்மை வெளிவரும். அரசு இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அது வரும்வரை இருக்கிற சோதனையையாவது ஒழுங்காகச் செய்வதில் என்ன தடை?

உரிமைகள் பக்கம் வருவோம். 2021 ஜூன் முதல் நாடு முழுக்கச் சான்றிதழுக்கு ஒரே வடிவம், க்யூ.ஆர். கோடு உண்டு. விவரங்கள் தேசிய வாகனப் பதிவேட்டில் சேரும். வண்டி தேறவில்லை என்றால் காரணம் எழுதிய நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும். அதைக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டலாம். கருவிமேல் சந்தேகம் இருந்தால் வேறு மையத்தில் மறுபடி சோதிக்கலாம். சான்றிதழைப் போனில் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டினால் போதும்; காகிதம்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. கண்ணால் பார்த்தே புகை அதிகம் என்று தெரிந்தால், சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரியோ மோட்டார் வாகன ஆய்வாளரோ வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அதை மதிப்பதும் அவசியம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் வதந்திகள் அதிகம். விபத்து நடந்த நாளில் புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் பணம் கிடைக்காது என்று வாட்ஸ்அப்பில் பலகாலமாகச் சுற்றுகிறது. அது தவறு. அந்தக் காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. சான்றிதழ் இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் போட்ட நிபந்தனையும் 2024 ஜூலையில் தளர்த்தப்பட்டது. ஏராளமான வண்டிகள் இன்சூரன்ஸே இல்லாமல் ஓடி, விபத்தில் சிக்கியவர்களுக்கு இழப்பீடு கிடைக்காமல் போனதுதான் காரணம். இழப்பீட்டை மறுத்த கடிதம் வந்தால் எழுத்தில் வாங்கிவைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வண்டியிலேயே கோளாறு என்றால்? புது பி.எஸ்.6 வண்டியில் மீட்டரில் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் அது அலங்காரம் அல்ல; உமிழ்வு தொடர்பான ஏதோ ஒரு சென்சார் புகார் சொல்கிறது. உடனே சர்வீஸில் காட்டி, ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். தட்டிக்கழித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமே இல்லை. ஒரே கோளாறு ஒரு மாடலில் பலருக்கும் வந்தால், சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யும் குறைக்காக அந்த வண்டிகளைத் திரும்பப் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு உத்தரவிடலாம். பழுதை நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியாகப் புலம்பாமல் சேர்ந்து புகார் பதிவது நல்லது.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி.எஸ்.3 வண்டிகளைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, நாகாலாந்தில் பி.எஸ்.4 என்று பதிவு செய்து ஓட்டியதாக ஆந்திரத்தில் 2020இல் வழக்குப் பதிவானது. அவை கனரக வண்டிகள். ஆனாலும் பாடம் எல்லோருக்கும் ஒன்றே. ஆர்.சி.யில் உள்ள உமிழ்வு நிலை, தயாரிப்பு மாதம், பதிவு நாள் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். பி.எஸ்.6 வண்டி என்றால் சைலன்சர் கம்பெனியுடையதா என்றும் பாருங்கள்; கன்வெர்ட்டரோடு புது சைலன்சர் வாங்குவது சின்னச் செலவல்ல.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் பெட்ரோல் அதிகம் எரியும், கரும்புகை வரும். ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும். பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் நீலப் புகை வரும். அந்த ஆயில் படிந்து கன்வெர்ட்டர் செயலிழக்கும். இதையெல்லாம் கவனித்தால் மைலேஜும் கூடும்.

அடுத்த முறை புகைச் சான்றிதழ் வாங்கப் போகும்போது, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி இன்ஜின் சூடான பிறகு போங்கள். குழாயைச் சைலன்சருக்குள் செருகச் சொல்லுங்கள். சான்றிதழில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் எண்கள் இரண்டையும் படித்து, போன முறை வந்ததோடு ஒப்பிடுங்கள். சோதிக்காமலே தாளை நீட்டும் மையத்தைப் பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, நம்பரை மட்டும் சொல்லிச் சான்றிதழ் வாங்காதீர்கள்.